புறக்கடையில் பெற்றோருக்கு ஒரு வீடு: செலவையும் பயனையும் கணக்கிடும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கங்களில் ஐந்து சென்ட், பத்து சென்ட் மனையில் முன்பக்கம் வீடு கட்டிக்கொண்டு, பின்பக்கத்தை முருங்கையும் வாழையும் துவைக்கல்லுமாக விட்டிருப்பவர்கள் பலர். அந்தப் பொடக்காளியில் அப்பா அம்மாவுக்கென்று தனி அடுப்போடு சிறு வீடு ஒன்று கட்டலாமா என்ற பேச்சு எழுந்ததும், பெரும்பாலோர் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் "சதுரடி என்ன ஆகும்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஆறாவது படியில் வர வேண்டியது. முதலிலேயே கேட்டுவிட்டால் அவர் சொன்ன தொகை மனத்தில் ஒட்டிக்கொண்டு, நிலம், உரிமை, சாக்கடை, சந்தின் அகலம் ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிப் பார்க்கச் சொல்லும்.

கீழே உள்ள வரிசை, கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கானது. எந்தப் படியில் வேண்டுமானாலும் "வேண்டாம்" என்ற விடை வரலாம். செலவு குறைந்த படிகள் முன்னால் இருப்பதும் அதனால்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: நிலப் பத்திரத்தின் நகல், பட்டா, அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்று, இப்போதுள்ள வீட்டின் கட்டட அனுமதி வரைபடம், கடைசியாகச் சொத்து வரி கட்டிய ரசீது, ஓராண்டு மின்கட்டண விவரம், ஐம்பது அடி டேப், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி. அனுமதி வரைபடம் கிடைக்காத வீடுகள் நிறைய உண்டு. உங்கள் வீடும் அப்படியானால், அதைத் தேடி எடுப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்காம் படி அது இல்லாமல் நகராது.

1. முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு

பெற்றோருக்காகக் கட்டும் வீட்டுக்கு இரண்டு ஆயுள் உண்டு. அவர்கள் அதில் வாழும் காலம் ஒன்று. அதற்குப் பிறகு கட்டடம் நிற்கும் முப்பது நாற்பது ஆண்டுகள் மற்றொன்று. முதலாவதை மட்டும் நினைத்துக் கட்டினால், பின்னாளில் அந்த வீடு பழைய பீரோவும் உரச் சாக்கும் அடுக்கும் கிடங்காகிவிடுகிறது. ஆகவே, பிறகு வாடகைக்கு விடுவதா, மகனோ மகளோ திருமணத்திற்குப் பின் தங்குவதா, வீட்டிலிருந்தபடி தொழில் செய்யும் இடமா என்பதை ஒரு தாளில் இப்போதே எழுதி வைக்க வேண்டும். வாசல் எந்தப் பக்கம், மீட்டர் தனியா, மேல்தளத்துக்குத் தாங்கும் கடைக்கால் (அஸ்திவாரம்) வேண்டுமா என்ற மூன்றும் இந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

குடிவரப் போகிறவர்களிடம் கேட்பதும் இந்தப் படியில்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதையே பொழுதாகக் கொண்டவராக இருக்கலாம். அவரைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவருக்கு எதிரே உட்கார வைத்தால் மனிதர் வாடிப்போவார். அத்தகைய குடும்பங்களில் பெரியவர்கள் முன்வீட்டிலேயே இருக்க, இளையவர்கள் பின்னால் கட்டிக்கொண்டு போவது பொருத்தமாக இருக்கும். இந்த மாற்று யோசனையைப் பேசிப் பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

2. நிலம் யார் பெயரில், பணம் யாருடையது

நிலம் அப்பா பெயரில் இருக்க, மகன் கடன் வாங்கி அதில் கட்டுவது நம் பக்கத்தில் வழக்கமான ஏற்பாடு. வேறு ஆவணம் இல்லாத வரையில் கட்டடமும் நிலத்தோடு சேர்ந்ததாகக் கொள்ளப்படவே வாய்ப்பு அதிகம். அப்பா உயில் எழுதாமல் காலமானால் மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. செலவழித்த மகனுக்கென்று தனிக் கணக்கு தானாக உருவாகாது. பதினைந்து லட்சம் போட்டவர், பதினைந்து ஆண்டு கழித்துப் பங்காளிகளிடம் ரசீதுகளைக் காட்டி வாதாடும் நிலை இதனால்தான் வருகிறது.

இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மச்சான்மார் எல்லோரும் இருக்கும்போது திட்டத்தைச் சொல்லி, செலவு யாருடையது, பிற்காலத்தில் எப்படிக் கழித்துக்கொள்வது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது ஒன்று. தேவையென்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், அந்தப் பகுதியைத் தானசெட்டில்மென்ட் (பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்கும் பத்திரம்) மூலம் மாற்றிக்கொள்வது மற்றொன்று. குடும்பத்தினருக்குள் செய்யும் செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்த்தி நிர்ணயித்தார்கள்.

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் இங்கே பார்க்க வேண்டும். தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை தெளிவாக எழுதப்பட்டிருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. நல்ல எண்ணத்தோடு கட்டுகிறவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை.

வங்கிக் கடன் வேண்டுமென்றால் இந்தப் படி இன்னும் அவசரமாகிறது. நில உரிமையாளர் கடனில் சேர வேண்டும் என்று வங்கி கேட்கும். முதியவரின் வயதைக் காட்டித் தவணைக் காலத்தையும் குறைக்கக்கூடும்.

3. மனையை அளத்தல்

டேப்பை முதலில் பிடிக்க வேண்டிய இடம் பின்பக்கம் அன்று, வீட்டின் பக்கவாட்டுச் சந்து. அதன் மிகக் குறுகலான இடத்தை, அதாவது ஜன்னல் சன்ஷேடும் தண்ணீர்க் குழாயும் கேஸ் சிலிண்டர் கூண்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை அளக்க வேண்டும். அங்கே நான்கடி இருந்தால், டிப்பர் லாரி எம்-சாண்டையும் ஜல்லியையும் தெருவில் கொட்டிவிட்டுப் போக, சித்தாள்கள் சட்டியில் தூக்கிச் செல்வார்கள். ஜேசிபி உள்ளே வராததால் கடைக்காலையும் ஆள் வைத்துக் கையாலேயே தோண்ட வேண்டியிருக்கும். இந்தக் கூலி சதுரடிக் கணக்கில் வராது. அதே சந்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் முட்டாமல் திரும்புமா என்றும் பார்க்க வேண்டும். "பாடை திரும்புமா" என்று பெரியவர்களே நேராகக் கேட்டுவிடுவார்கள். கேள்வி கரடுமுரடாக இருந்தாலும் அளவு சரியானதுதான்.

அடுத்தது செப்டிக் டேங்க். முன்வீட்டின் தொட்டி பெரும்பாலும் புறக்கடையின் நடுவிலோ பின்சுவரை ஒட்டியோ இருக்கும். அதன் மூடியைத் தேடிக் கண்டுபிடித்து, நான்கு மூலைகளையும் சுண்ணாம்பால் குறிக்க வேண்டும். தொட்டிக்கு மேலே அறை எழுப்புவது வேண்டவே வேண்டாம்: மூடியைத் திறக்க வழியிருக்காது, காற்றுக்குழாய் வீட்டுக்குள் வாடை விடும், தொட்டியின் சுவர் மேலே வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டதும் அன்று. தொட்டியை மாற்ற வேண்டுமானால் அந்தச் செலவு புதுவீட்டின் கணக்கில் சேரும். கழிவுநீர் இறங்கும் உறைகிணற்றுக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு. சிறு மனைகளில் போர்வெல்லும் தொட்டியும் ஒரே புறக்கடையில் இருந்தால் இந்த இடைவெளி கிடைப்பது கடினம். பாதாளச் சாக்கடை உள்ள ஊராயின் அதில் இணைத்துவிடுவதே நல்லது. செப்டிக் லாரியின் குழாய் தெருவிலிருந்து அந்த இடம்வரை எட்டுமா என்பதும் கவனிக்க வேண்டியது.

புதுப் போர்வெல் போடும் எண்ணம் இருந்தால், கட்டடம் எழும்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ரிக் வண்டி நுழைய வழியில்லாத மனையில் இந்தக் கனவை அடியோடு விட்டுவிடலாம்.

பிறகு மண். பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் பல இடங்களில் கரிசல். காங்கேயம், தாராபுரம் பக்கம் இரண்டடியிலேயே சுக்காம்பாறை தட்டும் இடங்கள் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால், ஆழம் குறைந்த கல்கட்டுக் கடைக்காலின் மேல் எழும்பும் சுவர் சில பருவங்களிலேயே மூலைக்கு மூலை விரிசல் விடும்; அங்கே காலம் பாக்ஸும் (தூணுக்கான அடித்தளம்) பெல்ட் கான்கிரீட்டும் (சுவருக்கடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) தேவைப்படும். முன்வீடு நன்றாக நிற்கிறது என்பதை வைத்துப் பின்பக்க மண்ணை ஊகிக்கக் கூடாது. பழைய குப்பைக்குழியோ மூடிய கிணறோ அங்கே இருந்திருக்கலாம். ஓர் ஆளை வைத்து நாலைந்து அடி ஆழத்தில் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பது ஒரு நாள் கூலிதான்.

கடைசியாக, நினைத்திருக்கும் வீட்டைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்து, அறை அறையாகக் கோடு போட்டு, அம்மாவின் கட்டிலைக் கொண்டுவந்து உள்ளே போட்டுப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஊன்றுகோலோடு நடந்து பார்க்கச் சொன்னால், பத்துக்குப் பத்து அறை போதுமா என்ற வாதம் அரைமணியில் தீர்ந்துவிடும்.

4. அனுமதி

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, மனையில் எவ்வளவு கட்டலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைச் சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு நிர்ணயிக்கிறது. பின்பக்கம் கட்டும்போது ஏற்கெனவே உள்ள வீட்டின் பரப்பும் சேர்த்தே கணக்கிடப்படும். முன்வீடு அனுமதியை மீறிக் கட்டப்பட்டிருந்தால் அந்த மீறல் இப்போதுதான் வெளிப்படும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுரடி வரையிலான மனையில் 3,500 சதுரடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் குடியிருப்புக்கு இணையம் வழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆறு சென்ட் மனை 2,613 சதுரடி. எனவே வரம்புக்கு வெளியே போய்விடுகிறது. ஏற்கெனவே வீடுள்ள மனையில் இரண்டாவது கட்டடம் சேர்ப்பதை எந்த வகையில் விண்ணப்பிப்பது என்பதை, பணம் கட்டுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்திலும் உரிமம் பெற்ற பொறியாளரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கிராமத்திலும் அனுமதி வேண்டும். "பஞ்சாயத்துதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று கட்டியவர்கள், கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டிக் கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பது முறைகேடு, வீட்டு இணைப்பைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

வாஸ்து பார்க்கிற குடும்பமானால் அதையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். ஈசானிய மூலையில் பாரம் ஏறுகிறது, கன்னி மூலை பள்ளமாகிறது என்று பேஸ்மட்டம் (தரைத்தளத்தைத் தாங்கும் மேடை) முடிந்த பிறகு ஒரு ஒறம்பரை (உறவினர்) வந்து சொல்லி, சுவரை இடித்துக் கட்டிய வீடுகள் உண்டு. நம்பிக்கை உங்கள் விருப்பம்; ஆனால் வரைபடத் தாளில் மாற்றுவதற்குச் செலவில்லை.

5. வரைபடம்

நானூறு சதுரடி என்பது ஒரு படுக்கையறை, சமையலும் உட்காரும் இடமும் சேர்ந்த கூடம், குளியலறை, சிறு திண்ணை ஆகியவற்றுக்குப் போதும். இதற்குள் இரண்டு படுக்கையறை கேட்பவர்களுக்கு இரண்டு பெட்டிகள்தான் கிடைக்கும்.

பணத்தையும் கவனத்தையும் அதிகம் கொடுக்க வேண்டிய இடம் குளியலறை. கதவு மூன்றடி அகலத்தில், வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். மேற்கத்திய கழிப்பறைக் கோப்பையின் பக்கத்திலும் குளிக்குமிடத்திலும் எஃகுக் கைப்பிடி வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு துளை போட்டு மாட்டும் கைப்பிடி, ஹாலோ பிளாக் சுவரில் ஓராண்டுக்குள் ஆடத் தொடங்கும். ஆகவே அந்த இடங்களைச் சுவர் எழும்பும்போதே குறித்து, கெட்டிக் கல்லோ கான்கிரீட்டோ வைத்து நிரப்பச் சொல்ல வேண்டும். மேஸ்திரி தானாக இதைச் செய்யமாட்டார், ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பேஸ்மட்ட உயரத்தில் ஒரு முரண் இருக்கிறது. மழைநீர் வராதிருக்க ஒன்றரை அடி வேண்டும் என்பார்கள். சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடிக்குப் பதினெட்டடிச் சரிவு தேவை. அவ்வளவு நீளம் புறக்கடையில் கிடைக்காததால், வாசலில் செங்குத்தாக ஒரு வழுக்குப் பலகைபோலச் சிமென்ட் பூசிவிட்டுச் சரிவு என்கிறார்கள். முன்வீட்டின் பக்கவாட்டிலிருந்தே நடைபாதையைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு வந்தால் இந்தச் சிக்கல் தீரும். அதற்குத்தான் மனையின் மட்டத்தை முன்கூட்டியே பார்க்கச் சொல்வது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று புழுதியோடு மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் சிறு ஜன்னலும், கிழக்கிலும் வடக்கிலும் பெரிய ஜன்னலும் வைப்பது நல்லது. பின்வீட்டின் சமையல் ஜன்னலும் முன்வீட்டின் படுக்கையறை ஜன்னலும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. தாளிக்கும் புகையைவிட, பேசுவது காதில் விழுவதால் வரும் மனத்தாங்கல்தான் பெரிது. கூரைக்குச் செலவைக் குறைக்கத் தகர ஷீட் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அத்தகைய கூரையின் கீழ் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

குழாய் இரண்டு வரிசை: நல்ல தண்ணீருக்கு ஒன்று, போர்வெல் உப்புத் தண்ணீருக்கு ஒன்று. நல்ல தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் ஊர்களில் பின்வீட்டுக்கென்று சிறு தொட்டி இல்லாவிட்டால், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது எழுபது வயது அம்மாவாகத்தான் இருக்கும்.

6. செலவு

இப்போது மேஸ்திரியைக் கூப்பிடலாம். வரைபடத்தைக் கையில் கொடுத்து, குறைந்தது மூவரிடம், ஒரே பொருள் பட்டியலுக்கு விலை கேட்க வேண்டும். செங்கல் சேம்பரா நாட்டுக்கல்லா, சிமென்ட் எது, கம்பி எது, கதவு மரம் எது என்று பட்டியலில் இல்லாவிட்டால் மூன்று விலைகளும் மூன்று வெவ்வேறு வீடுகளுக்கானவை.

சிறிய வீட்டுக்குச் சதுரடி விலை கூடும். ஆயிரத்து இருநூறு சதுரடி வீட்டுக்கும் ஒரு சமையலறைதான், நானூறு சதுரடி வீட்டுக்கும் ஒன்றுதான்; மேடை, குழாய், கோப்பை, தொட்டி, மெயின் போர்டு ஆகியவற்றின் செலவு குறைந்த பரப்பின் மேல் விழுகிறது. ஆகவே அண்டை வீட்டின் சதுரடி விலையை நானூறால் பெருக்கும் கணக்கு எப்போதும் தவறாகவே முடியும்.

ஈரோட்டுப் புறநகரில் ஆறு சென்ட் மனை, பின்பக்கம் 400 சதுரடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் சதுரடிக்கு 2,500 வீதம் 10,00,000. செப்டிக் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் 90,000. தண்ணீர்த் தொட்டி, இரண்டு வரிசை இணைப்பு 45,000. மின் இணைப்பு, கேபிள் 30,000. வரைபடம், அளவையர், அனுமதிக் கட்டணங்கள் 50,000. சந்து வழியாகப் பொருள் தூக்கும் கூலி 40,000. நடைபாதை, சரிவு, கைப்பிடிகள், வெளிவிளக்கு 45,000. முன்வாசலில் உடைந்த டைல்ஸையும் கேட்டையும் சரிசெய்ய 25,000. கூட்டினால் 13,25,000. எதிர்பாராதவற்றுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 14,57,500.

மேஸ்திரி சொன்னது சதுரடிக்கு 2,500; உங்கள் கையைவிட்டுப் போவது ஏறத்தாழ 3,640. இந்த இடைவெளியை முன்னால் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் பூச்சு வேலையோடு நிறுத்திவிட்டு நகைக்கடன் தேடி அலைகிறார்கள்.

பொருள் அளவைச் சரிபார்க்கத் தோராயக் கணக்கொன்று உண்டு: சதுரடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், மூன்றிலிருந்து நான்கு கிலோ கம்பி. நானூறு சதுரடிக்கு 160 மூட்டை சிமென்ட்டும் 1.2 டன்னிலிருந்து 1.6 டன் வரை கம்பியும் வரும். கொடுத்த விலைப்பட்டியல் இதிலிருந்து மிகவும் விலகினால் காரணம் கேட்க வேண்டும்.

7. பயன்

பயனை மூன்று தனித்தனிக் கணக்காகப் போட வேண்டும். மூன்றையும் கலந்து "எப்படியும் சொத்துதானே" என்று சொல்வதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

வாடகைக் கணக்கு முதலாவது. மாதம் 7,500 ரூபாய், ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கொண்டால் 82,500. வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது ஆகியவற்றுக்கு 15,000 கழித்தால் 67,500. போட்ட பணத்துக்கு இது நூற்றுக்கு நாலரையைச் சற்றே தாண்டும். பத்து லட்சத்தை 9 சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 12,670 ரூபாய். வாடகை தவணையைக் கட்டிவிடும் என்ற பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. திருப்பூர் லைன் வீடுகள்போல ஒரே மனையில் ஐந்தாறு குடித்தனம் வைக்கிறவர்களின் கணக்கு வேறு. அதைப் பார்த்து ஒற்றை வீட்டுக்கு ஆசைப்படக் கூடாது.

விற்பனைக் கணக்கு இரண்டாவது. உள்ளூர்த் தரகர் இருவரிடமும், வங்கிக்கு மதிப்பீடு செய்யும் பொறியாளர் ஒருவரிடமும், பின்வீடு இருந்தால் என்ன விலை, இல்லாவிட்டால் என்ன விலை என்று தனித்தனியே கேட்க வேண்டும். வாங்குகிறவர் பெரும்பாலும் நிலத்துக்குத்தான் விலை கொடுக்கிறார். கட்டடத்துக்குத் தேய்மானம் கழிக்கிறார். அனுமதியில்லாத பின்வீட்டுக்கு மதிப்பீட்டாளர் ஒன்றும் போடமாட்டார். பின்வீட்டுக்கு வழிவிட்டதால் கார் நிறுத்துமிடம் போயிருந்தால், விலை குறையவும் கூடும். போட்ட பதினான்கு லட்சமும் விற்பனையில் திரும்பி வரும் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை; பாதி வந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பாதுகாப்பு.

மூன்றாவது, கூடவே இருப்பதன் பயன். இதற்கும் ஓர் எண் போடலாம். அடுத்த தெருவில் பெற்றோருக்கு 8,000 ரூபாய் வாடகையில் வீடு பார்த்தால் ஆண்டுக்கு 96,000 ஆகும். 14,57,500 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் வட்டி 94,700 சொச்சம். அதாவது முதலைத் தொடாமலே, வட்டியைக் கொண்டு வாடகையைக் கிட்டத்தட்டக் கட்டிவிடலாம். வாடகை ஆண்டுதோறும் ஏறும், வட்டி ஏறாது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம் என்பவை எதிர்ப்பக்கத்தில் உள்ளவை. இப்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டினால் முப்பதடியில் போய்ச் சேர்வதற்கும், அம்மா தன் அடுப்பில் தான் சமைத்துக்கொண்டே பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்கும் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்? ஐந்தாயிரம் என்று மனம் சொன்னால் அதைத் தாளில் எழுதுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் பின்வீட்டை நியாயப்படுத்துவது இந்த மூன்றாவது எண்தான். அது மிகச் சிறியதாக வந்தால், முதல் இரண்டையும் ஊதிப் பெருக்கி ஈடுகட்ட முயலக் கூடாது.

8. மாற்று வழிகளோடு ஒப்பிடுதல்

முன்வீட்டின் ஒரு தரைத்தள அறையோடு குளியலறை சேர்த்துத் தனிக் கதவும் சிறு அடுப்பும் வைத்தால், மூன்றில் ஒரு பங்குச் செலவில் முக்கால் பங்குத் தேவை தீரலாம். மாடியில் கட்டினால் கடைக்காலும் செப்டிக் தொட்டியும் மிச்சம். ஆனால் படி ஏற முடியாதவர்களுக்காகக் கட்டப்போய் இளையவர்கள் மேலே போக வேண்டியிருக்கும். அதில் தவறொன்றுமில்லை. கோவையைச் சுற்றி மூத்தோருக்கான குடியிருப்புகள் பல உள்ளன. அவற்றின் முன்பணம், மாதப் பராமரிப்பு, உணவுக் கட்டணம் மூன்றையும் தனித்தனியே கேட்டு, அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

9. காலமும் ஒப்பந்தமும்

தை மாதத்தில் பூமி பூஜை போட்டால் கூரை கான்கிரீட் வெயில் உச்சத்துக்கு முன் முடியும். ஆனி, ஆடிக் காற்றுக்குள் வெளிப்பூச்சும் முடிந்துவிடும். ஆவணியில் தொடங்குகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்கால் குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். கோடையில் கான்கிரீட்டை நனைப்பதற்குத் தண்ணீர் லாரி வாங்க வேண்டியிருந்தால் அதையும் செலவில் சேர்க்க வேண்டும். கூரையைக் குறைந்தது பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைப்பதில் சமரசம் கூடாது.

பணத்தைக் கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு, முடிப்பு என்று வேலை முடிந்த பிறகு அந்தந்தக் கட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். கடைசிப் பத்து சதவீதத்தை, ஒரு மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை வாய்வார்த்தையில் சேர்த்துக்கொண்டே போவதுதான் கடைசி நாள் சண்டைக்குக் காரணம். கூடுதல் வேலைக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

10. மீட்டர், வரி, பிற்கால வாடகை

வீட்டு மின் இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் இரண்டு வீடும் ஓடினால் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிடக்கூடும். அப்படித் தாண்டும்போது 500க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ளவற்றுக்கும் கூடிய விகிதம் விழுகிறது. தனி வாசல், தனி சமையலறை, தனிக் கதவு எண் இருந்தால் தனி இணைப்புக் கேட்க முடியும். ஆகவே முதலில் சொத்து வரிக்கு விண்ணப்பித்துக் கதவு எண் பெற்று, பிறகு மின்வாரியத்துக்குப் போவதே சரியான வரிசை. கட்டுமானத்துக்கு முன்வீட்டு இணைப்பையே பயன்படுத்தலாமா, தற்காலிக இணைப்பு வாங்க வேண்டுமா என்பதை மின்வாரியத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் வாடகைக்கு விடும்போது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வருமான வரிக்கு, கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் மீதமுள்ள வாடகையில் 30 சதவீதம் நிலைக்கழிவாகக் கிடைக்கும். வாடகை வருமானம் நிலமும் கட்டடமும் யாருடையதோ அவர் கணக்கில் சேரும்; இரண்டாம் படியில் பெயர்களைத் தெளிவாக்காதவர்கள் இந்த இடத்தில் ஆடிட்டரிடம் உட்கார்ந்து குழம்புவார்கள்.

கட்டி முடித்ததும் கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, தண்ணீர்க் குழாய் தரைக்கடியில் போகும் பாதையை, மண் மூடுவதற்கு முன் டேப்பை வைத்துக்கொண்டே கைப்பேசியில் படமெடுத்து, வரைபடத்தின் பின்பக்கத்தில் சுவரிலிருந்து எத்தனை அடி என்று எழுதி, பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.